சாய்வு கணக்கில் குறி தவறும் இடம்

விடைத்தாள் திருத்தும்போது திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். இரு புள்ளிகளைக் கொடுத்துக் கோட்டின் சாய்வு கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் சூத்திரத்தைச் சரியாகவே எழுதுகிறார்கள். அடுத்த வரியில் குறி போய்விடுகிறது.

(−2, 5), (4, −7) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒய் மாறிய அளவை எக்ஸ் மாறிய அளவால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே −7 − 5 = −12. கீழே 4 − (−2) = 6. சாய்வு −2. அடைப்புக்குறி போடாமல் 4 − 2 என்று எழுதினால் விடை −6 ஆகிவிடும். மேலே முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதைக் கழித்து, கீழே இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 12 ÷ 6, அதாவது 2 வரும். இது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் எண் சரி, கோடுதான் எதிர்த்திசையில் போகிறது. எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை. மேலே வைத்த வரிசையையே கீழேயும் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் இரண்டு குறிகளும் மாறும், வகுத்தால் அதே விடைதான்.

என் வகுப்பில் கழிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பேன்: இடமிருந்து வலம் போகும்போது கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா? இங்கே 5-லிருந்து −7-க்கு இறங்குகிறது. அப்படியென்றால் விடை குறை எண்ணாகத்தான் இருக்க முடியும். இந்த ஒரு பார்வை பாதிப் பிழையைப் பிடித்துவிடும். அப்புறம், விடையை நடந்து பார்க்கச் சொல்வேன். எக்ஸ் ஒவ்வொன்றாகக் கூட, ஒய் 5, 3, 1, −1, −3, −5, −7 என்று இறங்கி, எக்ஸ் 4 ஆகும்போது சரியாக −7-இல் நிற்கிறது. −6 என்ற சாய்வோடு நடந்தால் இரண்டாவது அடியிலேயே −7-க்கு வந்துவிடுவோம்.

(1, 4), (6, 4) என்றால் மேலே 0, சாய்வு 0, கோடு கிடைமட்டம். (3, 1), (3, 8) என்றால் கீழே 0. பூச்சியத்தால் வகுக்க முடியாது, ஆகவே செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. இங்கேயும் 0 என்று எழுதுவது மிகவும் பரவலான தவறு.

வரைபடம் போடுபவர்களுக்கு இன்னொன்று. இரு அச்சுகளிலும் அளவுத்திட்டம் வேறாக இருந்தால், சாய்வு 2 உள்ள கோடுகூடப் படுத்தாற்போலத் தெரியலாம். ஏற்றமா இறக்கமா என்பதைப் படத்திலிருந்து எடுங்கள். எவ்வளவு என்பதைப் புள்ளிகளின் எண்களிலிருந்து மட்டும் எடுங்கள்.