சோளக்காட்டில் எந்தக் கதிரை அறுப்பது?

காங்கயம், தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சோளம் விதைப்பது பெரும்பாலும் மாட்டுக்காகத்தான். தட்டு உயரமாக வர வேண்டும், இலை நிறைய இருக்க வேண்டும்; தானியமெல்லாம் அப்புறம். பெரிய மஞ்சள் சோளம் மாதிரியான நாட்டு ரகங்கள் இங்கே தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விதை வங்கிக்காக நாட்டு ரக விதை சேகரிக்கப் போகிறவருக்கு அந்தக் காட்டில் கை தானாகப் பெரிய கதிரை நோக்கிப் போகும். போகக் கூடாது. நாட்டு ரகத்தில் கதிர் இறுகியது, தளர்ந்தது, முந்திப் பூப்பது, தண்டு இனிப்பது எல்லாம் ஒரே காட்டில் கலந்து கிடக்கும். அந்தக் கலப்புதான் நமக்கு வேண்டியது. அதனால் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இத்தனை தப்படிக்கு ஒரு கதிர் என்று அழகு பார்க்காமல் அறுக்க வேண்டும். சரி, எத்தனை? நூற்றுக்கு 5 செடியில் மட்டும் உள்ள ஒரு குணம் நம் பைக்குள் விழ 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், கணக்குப்படி 59 செடி. பத்துக் கதிரோடு திரும்பினால் வாய்ப்பு 40 சதவீதம்தான்.

அரிதான குணம் எதற்கு உதவும்? குருத்து ஈ இளஞ்சோளத்தின் இலைக்கு அடியில் முட்டை வைக்கும். புழு உள்ளே இறங்கி நடுக்குருத்தின் அடியை அறுத்துவிடும். காய்ந்த குருத்தை இழுத்தால் கையோடு வந்துவிடும். நம் நாட்டுச் சோளங்கள் சிலவற்றில் நாற்றின் இலை பளபளப்பாக, அடியில் நுண்மயிரோடு இருக்கும். அவற்றில் ஈ முட்டை வைப்பது குறைவு. அந்தக் குணத்தைத்தான் ஒட்டுச்சேர்க்கை மூலம் புதிய ரகங்களுக்குக் கொண்டுபோகிறார்கள்.

விதையோடு ஊர், மண், விதைத்த பட்டம், உள்ளூர்ப் பெயர் எல்லாம் எழுதியாக வேண்டும். "மாடு கழிக்காம திங்குமுங்க" என்று ஒரு பாட்டி சொன்னால் அதையும்தான். குறிப்பில்லாத விதையைப் பின்னால் யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் விதை வங்கியில் ஏறத்தாழ 40,000 சோள மாதிரிகள் உள்ளன. நீண்ட காலம் வைக்க, விதையை நன்றாக உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் அடைப்பார்கள். முளைப்பு குறைந்தால் மறுபடி விதைக்க வேண்டும். சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும். ஆனாலும் காற்றில் பக்கத்து ரகத்தின் மகரந்தம் வந்து சேரும் என்பதால், பூக்கும் முன்பே கதிருக்குக் காகிதப் பை மாட்டுவார்கள்.

குளிர் அறையில் உள்ள விதை மழை பொய்த்த வருஷத்தையும் பார்க்காது, புதுப் பூச்சியையும் பார்க்காது. காட்டில் உள்ளதுதான் தலைமுறைக்குத் தலைமுறை அவற்றுக்கேற்ப மாறும். அதனால் விதை கொடுத்த குடும்பத்திடம் அடுத்த பட்டத்துக்கு விதை இருக்கிறதா என்று கேட்பதையும், தீர்ந்துபோயிருந்தால் வங்கியிலிருந்து திருப்பிக் கொடுப்பதையும் சேகரிப்பு வேலைக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்பேன்.