நுண்புதைபடிவமா, நுண்ணுயிர்ப் புதைபடிவமா?

'மைக்ரோஃபாசில்' என்பதற்கு 'நுண்ணுயிர்ப் புதைபடிவம்' என்ற தொடரை யார் முதலில் எழுதினார்களோ தெரியாது, இப்போது எங்கு திரும்பினாலும் அதுதான். போட்டித் தேர்வுக் குறிப்புகளில் இருக்கிறது, காணொளித் தலைப்புகளில் இருக்கிறது. மதுரையில் அண்மையில் நடந்த ஒரு மாணவர் கண்காட்சியிலும் இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதி ஓடைகளில் அள்ளிய வண்டலைச் சலித்து, கிடைத்ததையெல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் அழகாக அடுக்கியிருந்தார்கள். ஒரு டப்பாவில் அரிசி நீளம்கூட இல்லாத சுறாப் பல். மேற்பூச்சின் பளபளப்பு இன்னும் போகவில்லை. அடியில் வேர் இரண்டாகப் பிரிவதுகூட லென்ஸில் தெரிந்தது. பக்கத்தில் அட்டை: 'நுண்ணுயிர்ப் புதைபடிவம் – சுறாப் பல்'.

சுறா எப்போது ஐயா நுண்ணுயிர் ஆனது?

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் கைக்கு வந்த குறிப்பில் 'மைக்ரோஃபாசில்' என்பதற்கு அப்படித்தான் போட்டிருக்கிறது. வழுவை வேரில் பார்ப்போம்.

'ஃபாசில்' லத்தீன் வழி வந்த சொல். 'தோண்டு' என்ற வினையிலிருந்து பிறந்தது. தோண்டியெடுத்தது என்பதே முதற்பொருள். 1546இல் ஜெர்மானிய அறிஞர் கியோர்கியுஸ் அக்ரிகோலா எழுதியபோது தாது, உப்பு, மணிக்கல் என்று மண்ணுக்குள்ளிருந்து வந்த எல்லாமே அவருக்கு ஃபாசில்தான். பழைய உயிர்களின் மிச்சம் மட்டும் என்று பொருள் குறுகியது பிற்பாடு. 'மைக்ரோ' கிரேக்கம், சிறியது. இவ்வளவுதான் பிறப்பு வரலாறு.

தமிழில் ஃபாசிலுக்கு மூன்று சொற்கள் சுற்றுகின்றன: தொல்லுயிர் எச்சம், தொல்லுயிர்ப் படிமம், புதைபடிவம். எச்சம் பழைய சொல், கம்பீரமான சொல். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்றார் வள்ளுவர். தொல்காப்பியத்தில் எச்சவியல் என்று ஓர் இயலே உண்டு. ஆனால் இன்றைக்கு மதுரை வீதியில் எச்சம் என்றால் புறா போட்டதுதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, விலங்குகளின் சாணமே புதைந்து ஃபாசிலாகக் கிடைப்பதும் உண்டு. அதை என்னவென்று எழுதுவது, எச்சத்தின் எச்சம் என்றா? படிமத்தைக் கவிஞர்கள் எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது.

புதைபடிவம் என்றால் தாலுகா ஆபீசில் தொலைந்துபோன விண்ணப்பம் போல ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் கேலி செய்வார். இருக்கட்டும். 'புதைபடிவ எரிபொருள்' வழியாக அது பள்ளிப் பிள்ளைகள் வாயில் ஏறிவிட்டது. வண்டல் படிவதற்கும் நமக்கு அதே படிதல்தானே! படிந்த மண்ணில் புதைந்தது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கிடக்கும் கல்லான மரத்தைக் 'கல்மரம்' என்கிறோமே, அதுபோல எல்லாவற்றையும் 'கல்' சேர்த்துச் சொல்லலாமே என்றால் முடியாது. கடல்வாழ் சிற்றுயிர்களின் சுண்ண ஓடு பல இடங்களில் கல்லாக மாறாமல், பழைய ஓடாகவே இருக்கிறது. ஆகவே என் ஓட்டு புதைபடிவத்துக்கு.

இனி 'நுண்'. சண்டை இங்கேதான்.

மைக்ரோஃபாசில் என்ற சொல்லில் சிறியது எது? புதைபடிவம். அந்த உயிர் அல்ல. நுண்ணோக்கி வைத்துப் பார்த்தால்தான் இன்னதென்று சொல்ல முடியும் என்கிற அளவில் இருப்பது எதுவோ அதெல்லாம் இந்த வகை. இது பார்க்கும் முறையை வைத்து ஏற்பட்ட பிரிவு, உயிர்க்குலத்தை வைத்து ஏற்பட்டதல்ல. சலித்து எடுத்த ஒரு தட்டைப் பார்த்தால் புரியும். ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடலுயிரின் சுருண்ட, அறை அறையான ஓடு இருக்கும். இரண்டு மூடியும் கீலுமாக ஆஸ்ட்ரகாடு இருக்கும். அது இறால், நண்டு இனத்துக்கு உறவு. கடற்பஞ்சின் முள், கடல் முள்ளெலியின் முள் துண்டு, மீன் காதுக்குள் இருக்கும் செவிக்கல், சுறாப் பல் எல்லாம் இருக்கும். வேறு முறையில் பிரித்தெடுத்தால் மகரந்தமும் வரும். இதில் எத்தனை நுண்ணுயிர்?

மற்ற இடங்களில் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. நுண்கடன் என்கிறோம், நுண்ணுயிர்க் கடன் என்று எந்த வங்கியும் பலகை மாட்டவில்லை. நுண்ணூட்டச் சத்து என்றால் கிருமிக்குப் போடும் சோறு என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை. நுண்நெகிழி வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன, அதையும் ஒழுங்காகவே சொல்கிறோம். புதைபடிவத்துக்கு மட்டும் நடுவில் ஓர் 'உயிர்' எங்கிருந்து முளைத்தது? என் ஊகம் இது: 'நுண் தொல்லுயிர் எச்சம்' என்று யாரோ சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். எழுதி எழுதித் தேய்ந்ததில் 'தொல்' உதிர்ந்திருக்கும். நுண்ணும் உயிரும் ஒட்டிக்கொண்டதும், ஏற்கெனவே நமக்குத் தெரிந்த நுண்ணுயிர் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் உண்டு. 'தட்டில் பெரும்பான்மை ஃபோராமினிஃபெராதானே, அது ஒற்றைச் செல் உயிர்தானே, பெரும்பான்மையை வைத்துப் பெயரிட்டால் என்ன தப்பு?' என்பார்கள். தப்புதான். முதலில், அதே ஃபோராமினிஃபெரா இனத்தில் நும்முலைட்டு என்று ஒன்று உண்டு. காசு போன்ற வட்டம், சில இனங்கள் பல சென்டிமீட்டர் அகலம். ஒற்றைச் செல்தான், ஆனால் உள்ளங்கையில் வைத்து வெறுங்கண்ணால் பார்க்கலாம். எகிப்தின் பிரமிடுகளுக்கு அடுக்கிய சுண்ணாம்புக் கல்லில் இது நிறைந்து கிடக்கிறது. கட்டிய வேலையாட்கள் தின்று மிச்சம் வைத்த பயறுதான் கல்லாகிவிட்டது என்று அந்த ஊரில் சொல்வதாகப் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறித்து வைத்திருக்கிறார். பயறு என்று ஏமாறுகிற அளவுக்குப் பெரியதை நுண்ணுயிர் என்று எந்த வாயால் சொல்வது?

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். 'நுண்ணுயிர்ப் புதைபடிவம்' என்ற தொடருக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. ஸ்ட்ரோமடோலைட்டு என்பார்கள்: ஆழமில்லாத நீரில் நீலப்பச்சைப் பாசிகள் பாய் விரித்ததுபோல் வளர்ந்து, வண்டலைப் பிடித்து, அடுக்கடுக்காகக் கல்லானவை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 350 கோடி ஆண்டு பழையவை உண்டு; நம் பக்கத்தில் கடப்பா வட்டாரப் பாறைகளிலும் இருக்கின்றன. கட்டியது நுண்ணுயிர், கட்டிடமோ ஆள் உயரம்கூட இருக்கும். நுண்ணுயிர்ப் புதைபடிவம் என்று சொல்லத் தகுந்தது அது. அந்தப் பெயரைத் தூக்கிச் சுறாப் பல்லுக்குக் கொடுத்துவிட்டால் ஸ்ட்ரோமடோலைட்டுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? சொல்லாக்கம் செய்கிறவர்கள் ஒரு சொல்லை மட்டும் பார்த்துப் பெயரிடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சொல்லுக்கு இடம் விட்டோமா என்று பார்ப்பதே இல்லை.

புணர்ச்சி பற்றி ஒரு வரி. 'நுட்புதைபடிவம்' என்று எழுதித் திருத்தம் சொன்னார் ஒருவர். மட்குடம் வேறு, இது வேறு. இது பண்புத்தொகை, நுண்கலை எப்படியோ அப்படித்தான் நுண்புதைபடிவமும்.

சரி, ஃபோராமினிஃபெராவைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'துளையுடலி' என்று போடுகிறார்கள். பள்ளிப் பாடநூலில் துளையுடலி என்றால் கடற்பஞ்சுத் தொகுதி. ஒரே தட்டில் கடற்பஞ்சு முள்ளும் ஃபோராமினிஃபெராவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிள்ளை எதை எந்த டப்பாவில் போடும்? அதோடு, அந்தத் துளை உடலில் உள்ள துளையும் அல்ல. 1826இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் தோர்பினி ஃபோராமினிஃபெரா என்ற பெயரை வைத்தபோது இவற்றைக் கணவாய், அதன் உறவான, சுருண்ட ஓடுள்ள நாட்டிலஸ் ஆகியவற்றின் கூட்டத்தின் குட்டி உறவு என்றுதான் நினைத்தார். நாட்டிலஸின் அறைகளைக் குழாய் இணைக்கிறது. இவற்றின் அறைகளை வெறும் துளை இணைக்கிறது. அந்த வேறுபாட்டைக் காட்டத்தான் துளை பெயருக்குள் வந்தது. 1835இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் துய்ஜார்டின் இது கணவாயும் இல்லை ஒன்றும் இல்லை, எளிய உயிர் என்று காட்டினார். கணவாய் உறவு போனது, பெயர் நின்றுவிட்டது. அதைத் தமிழில் வேறு கொண்டுவந்து நட வேண்டுமா? 'ஃபோராம்' என்று சுருக்கிச் சொல்லிவிட்டுப் போகலாம். தனித்தமிழ் அன்பர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. பொதுச்சொல்லுக்குத் தமிழ் கட்டாயம் வேண்டும். ஓர் உயிரின் அறிவியல் பெயரைப் பாதி மொழிபெயர்த்துத் தொங்கவிடுவதில் யாருக்கு லாபம்?

தமிழ் வேண்டிய இடத்தில் அதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எரிச்சல். வண்டலை நீரில் கரைத்துச் சல்லடையில் ஊற்றி, சேறு போனபின் மேலே நிற்பதை எடுப்பதற்கு 'ஈரச் சல்லடையிடல்' என்று ஒரு பெயர் பார்த்தேன். அரித்தல் என்ற சொல் என்ன பாவம் செய்தது? வீட்டில் அரிசியை அரிக்கிறோம். நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதி ஓரத்து மண்ணைக் கூட்டி அள்ளித் தங்கத் துகளுக்காக அரிப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான். களிமண் கட்டியாக இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, 63 மைக்ரான் கண் உள்ள சல்லடையில் அரித்து, உலர்த்தி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கிறார்கள். இந்தக் கடைசி வேலைக்குப் பெயர் பொறுக்குதல். அதையும் 'தேர்ந்தெடுத்தல்' என்று வெளுத்து வைத்திருக்கிறார்கள்.

கீழடிக்குப் பிறகு மதுரைப் பக்கம் இன்னொரு தொல்லை. எதை மண்ணிலிருந்து எடுத்தாலும் 'தொல்லியல்' ஆகிவிடுகிறது. காரையின் கடற்படிவுகளுக்கு வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. அங்கே பானையும் இல்லை, பானை செய்ய ஆளும் இல்லை. அது தொல்லுயிரியல். இரண்டு எழுத்து சோம்பலில் இரண்டு துறை கலந்துபோகிறது. பிறகு ஒருவர் வைகை மணலை அள்ளிக்கொண்டு வந்து இதில் கடல் புதைபடிவம் இருக்குமா என்று கேட்கிறார். யானைமலையும் அழகர்மலையும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை வட்டாரத்தில் இருப்பவை. அங்கிருந்து வரும் மணலை அரித்தால் குவார்ட்ஸும் காக்காப்பொன்னும்தான் மிஞ்சும். கடல் சார்ந்தது வேண்டுமென்றால் திருச்சி தாண்டிப் போக வேண்டும்.

இதில் 'கிரீக்' (creek) என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து குழப்புகிறது. அமெரிக்கர் எழுதினால் அது நன்னீர் ஓடை. இங்கிலாந்துக்காரர் எழுதினால் பெரும்பாலும் கடல் நீர் ஏறி இறங்கும் கழி. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் 'சிற்றோடை' ஆக்கிவிடுகிறார். காரை ஓடையில் மழை அறுத்துக் கொண்டுவரும் வண்டலில் இருப்பது கரையிலுள்ள பழைய பாறையிலிருந்து உதிர்ந்த புதைபடிவம். வைகை கடலைச் சேரும் அழகன்குளம் பக்கத்துக் கழிச் சேற்றில் இருப்பதோ பெரும்பாலும் அண்மையில் செத்த ஃபோராமின் ஓடு. பொதுவாக 10,000 ஆண்டுக்கு மேல் பழையதைத்தான் புதைபடிவம் என்பது வழக்கம். கழி, உப்பங்கழி என்று நெய்தல் நிலத்துக்குச் சொல் வைத்திருக்கிறோம். அதைப் போட்டாலே படிக்கிறவர் எங்கே நிற்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.