வேலன்சி: வினையின் இணைதிறன்

மொழியியலில் அடிக்கடி அடிபடும் ‘வேலன்சி’, வேதியியலிலிருந்து வந்த சொல். மூலம் லத்தீன், ‘வலேரே’ என்றால் வலுவோடு இருத்தல். (நம் ‘வலிமை’யோடு ஒலி ஒத்துப்போகிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம்.) ஓர் அணு எத்தனை அணுக்களோடு கூடும் என்பதற்கான அந்தச் சொல்லை, ஒரு வினை எத்தனை பெயர்களை வேண்டி நிற்கும் என்பதற்குப் பரவலாக்கியவர் பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் டெனியேர். அவர் இறந்தது 1954இல். இதை விளக்கும் அவரது நூல் 1959இல்தான் வெளிவந்தது. பள்ளி வேதியியலில் இதற்கு ‘இணைதிறன்’ என்ற பெயர் உண்டு. இலக்கணத்துக்கும் அதுவே போதும்.

வேலூரின் சித்திரை மாதத்தில் ‘புழுங்குகிறது’ என்றால் வாக்கியம் முடிந்தது. எது என்று யாரும் கேட்பதில்லை. இணைதிறன் சுழியம். ‘தூங்கு’ ஒன்று (யார்), ‘பார்’ இரண்டு (யார், எதை), ‘கொடு’ மூன்று (யார், எதை, யாருக்கு). ‘வை’யும் மூன்றுதான், ஆனால் மூன்றாவதாக அது கேட்பது ஆளை அல்ல, ஓர் இடத்தை. ‘மக்கன்பேடாவைத் தின்றாள்’ என்றால் சரி. ‘மக்கன்பேடாவை வைத்தாள்’ என்றால் எங்கே என்று கேட்கத் தோன்றும். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறையும் வினை தரும் என்கிறது நன்னூல். அது எல்லா வினைக்கும் பொதுவான பட்டியல். அவற்றில் எது இல்லாவிட்டால் இந்த வினை நிற்காது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் இணைதிறன். செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்ற பகுப்பு இதில் ஒரு பகுதியை மட்டும் தொடுகிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது, வேற்றுமையும் வேண்டும். ‘காட்பாடியில் ரயிலைப் பிடித்தாள்’, ‘அவளுக்கு ஆம்பூர் பிரியாணி பிடிக்கும்’. இரண்டிலும் ‘பிடி’தான், இரண்டிலும் இரண்டு பெயர்கள்தான். கையால் செய்வது மனதில் நிகழ்வதாக மாறியதும் அவள் ‘அவளுக்கு’ ஆகிவிட்டாள். பசிக்கிறது, தெரியும், வலிக்கிறது எல்லாம் இந்தக் ‘கு’ கூட்டம். வடிவமும் கணக்கை மாற்றும்: நெய் உருகியது, நெய்யை உருக்கினாள்; ககரம் இரட்டித்ததும் ஒரு பெயர் கூடுகிறது.

அப்புறம், வினை வேண்டுவது வேறு, நாம் வாய்விட்டுச் சொல்வது வேறு. ஆற்காடு பேருந்தில் ‘மீதி கொடுத்துட்டீங்களா?’ என்று கேட்டால் ‘கொடுத்துட்டேனே’ என்பார் நடத்துனர். மூன்று பெயரில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ‘நான்’ விகுதியில் இருக்கிறது. மற்ற இரண்டும் கேள்வியிலேயே கிடைக்கின்றன. ‘பிடிக்கும்’ என்பதில் அந்த விகுதி வசதியும் இல்லை. யாருக்கு என்பதைச் சூழலிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.