ஹீரோயின்: வீராங்கனை அல்லள், கதைத்தலைவி

வரலாற்றுக் காதல் புதினங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோரும், அவற்றைப் பின்பற்றித் தமிழிலேயே எழுதுவோரும் 'ஹீரோயின்' என்னும் சொல்லுக்கு இப்போது 'வீராங்கனை' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஈரோட்டிலும் கோவையிலும் புத்தகத் திருவிழாக் கடைகளில் புரட்டிப் பார்க்கும் புதினங்களின் பின்னட்டைகளில் 'இக்கதையின் வீராங்கனை' என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அது பிழையான பெயர்ப்பு என்பதையும், அந்தப் பிழை சொல்லோடு நிற்காமல் கதையையே கோணலாக்குகிறது என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் 'ஹீரோஸ்' என்பதன் பெண்பால் 'ஹீரோயினே'. அது இலத்தீன், பிரெஞ்சு வழியாகப் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் மனித நிலைக்கு மேற்பட்ட பெருமகளையும், பின்னர் துணிவுடைய பெண்ணையும், அதன்பின் ஒரு கதையின் முதன்மைப் பெண்ணையும் குறித்தது. இன்றைய ஆங்கிலம் பிந்திய இரு பொருளையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. எதைக் குறிக்கிறது என்பது இடத்தைப் பார்த்தால் விளங்கிவிடும். அவர்கள் ஒரு சொல்லில் வைத்திருப்பதால் நாமும் ஒரு சொல்லில் அடைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

'வீராங்கனை' வீரமும் அங்கனையும் சேர்ந்த வடமொழித் தொடர். அங்கம் என்றால் உறுப்பு. அங்கனை என்றால் உறுப்பழகு வாய்ந்த பெண். ஆக, வீரத்தைப் பாராட்ட எடுத்த சொல்லுக்குள்ளேயே உடலழகு ஒளிந்திருக்கிறது. சொல்லின் வேர் எதுவானாலும் வழக்கில் பொருள் மாறிவிடும் என்று சிலர் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்கில் அச்சொல் என்ன பொருளில் நிலைத்திருக்கிறது? நாளிதழைத் திறந்தால் கபடி வீராங்கனை, தடகள வீராங்கனை, கிரிக்கெட் வீராங்கனை. அடுத்தபடியாக விடுதலைப் போரில் படை நடத்திய பெண்கள். இரண்டு இடத்திலும் களத்தில் இறங்கி மோதுபவள் என்பதே பொருள். கதையின் நடுவில் நிற்பவள் என்ற பொருள் அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆங்கில நாட்டுச் சிற்றூரில் பாதிரியார் மகளாகப் பிறந்து, விருப்பமில்லாத மணத்தை மறுத்து நிற்கும் ஒருத்தியை 'வீராங்கனை' என்று பின்னட்டை அறிமுகம் செய்தால், தமிழ் வாசகர் அவள் குதிரையில் ஏறும் பக்கத்தைத் தேடிக்கொண்டே கடைசி வரை படிப்பார்.

இதைவிடப் பெரிய கேடு எழுதுபவரின் மனத்தில் நிகழ்கிறது. வரலாற்றில் துணிந்து நின்ற பெண்களை முன்மாதிரியாகக் கொண்டு கதைத்தலைவியைப் படைப்பது நல்ல வழக்கம், பெருகவும் வேண்டும். ஆனால் அவளுக்கு வீராங்கனை என்று பெயரிட்டுவிட்டுத் தொடங்கினால், முதல் இயலிலேயே அவள் கையில் வாளைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. வேலு நாச்சியாரையே எடுத்துக்கொள்வோம். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், மகளுடன் அவர் தங்கிய விருப்பாச்சி, பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் அருகில், நம் கொங்கின் தென்விளிம்பை ஒட்டி இருக்கிறது. அங்கே கோபால நாயக்கரின் அடைக்கலத்தில் இருந்தபடி ஐதர் அலியின் துணையைத் தேடி, படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டார். அந்த எட்டு ஆண்டுக் காத்திருப்பும், இழப்பை உள்ளே வைத்துக்கொண்டு நடத்திய பேச்சுவார்த்தையும், வளர்ந்துவரும் மகளைப் பார்த்து எழும் கவலையும் புதின ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய பெருஞ்செல்வம். வீராங்கனையைத் தேடி வருபவர் அவற்றை ஒரு பத்தியில் தாண்டிவிட்டு 1780க்கு ஓடிவிடுகிறார்.

மதுரையில் 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாளின் நிலையும் இதுவே. அவர் படைகளும் போரிட்டன; ஆயினும் முகலாயப் பேரரசோடு மோதி அழியாமல் திறை செலுத்தி நாட்டைக் காத்ததும், சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததும் அவருடைய துணிவின் பெரும்பகுதி. வீராங்கனை என்ற சொல்லுக்குள் திறை செலுத்தும் துணிவு அடங்காது.

சிலர் இதை உணர்ந்து 'வீரமங்கை' என்று மாற்றுகிறார்கள். மங்கை என்பது பெண்ணின் ஏழு பருவங்களுள் ஒன்று. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் அதைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு வகுத்தன. 1730இல் பிறந்து ஐம்பது வயதில் தம் நாட்டை மீட்ட வேலு நாச்சியாருக்கு மங்கை என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டப்பெயராக அது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். கதைக்கலையின் கலைச்சொல்லாக அதை நீட்ட வேண்டாம்.

இனி 'தலைவி'க்கு வருகிறேன். தொல்காப்பியம் அகப்பாட்டின் காதலரைப் பெரும்பாலும் கிழவன், கிழத்தி என்று சொல்ல, உரையாசிரியர்கள் தலைவன், தலைவி என்று வழங்கினார்கள். காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரம் 'தன்னிகர் இல்லாத் தலைவனை உடைத்தாய்' என்கிறது. கதையின் நடுவில் நிற்பவருக்குத் தமிழ் வைத்த பெயர் இது; புதிதாக எதையும் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் தலைவி என்றால் அச்சமும் நாணமும் மடனும் உடையவள் என்று தொல்காப்பியக் களவியல் சொல்கிறதே, துணிச்சலான பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். நூற்பாவை மட்டும் படித்துப் பாட்டைப் படிக்காதவர்களின் கேள்வி இது. குறுந்தொகையின் 31ஆம் பாட்டில் ஆதிமந்தியார், மள்ளராகிய வீரர் கூடிய விழாவிலும் மகளிர் ஆடும் துணங்கைக் கூத்திலும் தேடி 'யாண்டும் காணேன் மாண்தக் கோனை' என்கிறார். தானும் ஓர் ஆடுகள மகளே, கூத்தாடும் பெண்ணே என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். ஆற்றில் போன கணவனைத் தேடிக் கடல்வரை சென்ற அவளைச் சிலம்பு கரிகாலன் மகள் என்கிறது, அவள் கணவனை 'வஞ்சிக்கோன்' என்கிறது; கருவூரே (இன்றைய கரூரே) சேரர் தலைநகரான வஞ்சி என்று கொள்ளும் நம் பக்கத்தாருக்கு அவள் மருமகள் முறை. காதலும் துணிவும் ஒருத்தியிடம் சேர்ந்திருப்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியை எந்த நாட்டு வரலாற்றில் தேடுவது?

துணிவுடைய பெண் என்ற மற்றைப் பொருளுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில், தந்தையையும் கணவனையும் களத்தில் இழந்தபின் ஒரே மகனிடம் வேலைக் கொடுத்து அனுப்பும் தாயைப் பார்த்து 'கடிது இவள் துணிவே, மூதின் மகளிர் ஆதல் தகுமே' என்கிறார்; மூதின் மகளிர் என்றால் பழைய மறக்குடிப் பெண்கள். மறக்குடி மகள், மறமகள், துணிவுடையாள் எல்லாம் அந்த வழியில் வருபவை. நம் ஊர்களில் உடுக்கையடித்துப் பாடும் பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் கதையில் அவர்கள் தங்கை தங்காள் போரிடுவதில்லை. மாண்ட அண்ணன்மாரைத் தேடிப் படுகளத்துக்குப் போய் எழுப்புகிறாள். விடிய விடியக் கேட்டிருக்கும் எவரும் அவளை வீராங்கனை என்று சொல்வதில்லை. அவளுடைய துணிவு யாருக்கும் விளங்காமலும் போவதில்லை.

'கதாநாயகி' பிழையன்று. நாயகி என்றாலும் நடத்திச் செல்பவள், தலைவி என்ற பொருள்தான். திரைப்படம் அதை எல்லார் வாயிலும் ஏற்றிவிட்டது. தனித்தமிழ்ச் சொல் ஆயத்தமாக இருக்கையில் அதை விட்டுவிட வேண்டுமா என்பதே என் கேள்வி. தலைவி என்று மட்டும் எழுதினால் ஊராட்சித் தலைவி, மகளிர் குழுத் தலைவி என்ற நினைவு வரும் என்பது உண்மை. ஆகவே முதல் முறை 'கதைத்தலைவி' என்று எழுதிவிட்டு, அடுத்தடுத்துத் தலைவி என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் 'தன் காலத்துக்கு முந்திய பெண்' என்று எழுதுவதையும் சொல்ல வேண்டும். ஆதிமந்தி அவள் காலத்தில்தான் வாழ்ந்தாள், மங்கம்மாளும் அவர் காலத்தில்தான் ஆண்டார். அந்தத் தொடர் அவர்கள் காலத்துப் பெண்கள் எல்லாரும் வாயடைத்துக் கிடந்தார்கள் என்ற பொய்யைச் சொல்லாமல் சொல்கிறது. ஆங்கிலப் பிரபுவின் வேலையாள் தலைவியை விளிக்கும் இடத்தில் 'என் சீமாட்டியே' என்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்துத் தமிழிலேயே எழுதுவோரின், காங்கேயத்திலோ தாராபுரத்திலோ நடக்கும் கதையிலும் பண்ணையாள் அப்படியே பேசுகிறான். அங்கே 'அம்மணி' என்ற விளி இருக்கிறது. மதிப்பும் அன்பும் ஒருசேரக் கொண்டது, பெரிய வீட்டுப் பெண்ணுக்கும் பேத்திக்கும் பொருந்துவது. பின்னட்டையில் கதைத்தலைவி, கதைக்குள் அம்மணி, அவள் துணிவைச் சொல்லும் இடத்தில் துணிவு: இம்மூன்றையும் இடமறிந்து எழுதினால், வீராங்கனையைக் கபடிக் களத்துக்கும் போர்க்களத்துக்கும் விட்டுவிடலாம்.