கண்ணாடியைத் துடைக்கும் முன் திருகுகளைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் நியூட்டோனியன் தொலைநோக்கி (குழாயின் அடியில் பெரிய முதன்மை ஆடியும், வாயருகே சாய்வான சிறிய துணை ஆடியும் உள்ள வகை) வாங்கி, சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "நிலா ஓரளவு தெரியுது. வியாழன் மட்டும் வெண்ணெய் உருண்டை மாதிரி இருக்கு." உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள், ஆடியில் தூசி தெரிந்திருக்கும், துணியால் துடைத்துவிட்டிருப்பார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. ஆடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். துணியில் ஒரு மணல் துகள் இருந்தாலே கீறல் விழும், அது பிறகு போகாது. லேசான தூசியால் காட்சி அவ்வளவாகக் கெடுவதில்லை. கெடுப்பது பெரும்பாலும் ஆடிகளின் சாய்வு. அதைத் திருத்துவதுதான் காலிமேஷன்.

எவ்வளவு துல்லியமாகத் திருத்த வேண்டும் என்பது கருவியைப் பொறுத்தது. 150 மி.மீ. அகல ஆடி, 1200 மி.மீ. குவியத் தூரம் என்றால் எஃப்/8 (குவியத் தூரத்தை ஆடியின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்). அதில் நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும் கோமா பிழை உறுத்தாத நடுவட்டம் சுமார் 11 மி.மீ. அகலம் இருக்கும். அதே ஆடி 750 மி.மீ. குவியத் தூரத்தில், அதாவது எஃப்/5-இல், அந்த வட்டம் 3 மி.மீட்டருக்கும் கீழே போய்விடும். குட்டைக் குழாய் தூக்க வசதிதான், ஆனால் ஒரு கார் பயணத்துக்குப் பிறகு கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

வேலை தொடங்கும்போது குழாயைப் படுக்கை வசமாக வையுங்கள். நிமிர்த்தி வைத்துத் துணை ஆடியின் திருகைத் தொட்டால், கை நழுவும் ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) நேராக முதன்மை ஆடியில்தான் விழும். பழைய கருவிகள் சிலவற்றில் முதன்மை ஆடியின் நடுவே வளையக் குறி இருக்காது. ஆடி அளவுக்குத் தாள் வெட்டி, நாலாக மடித்து, நடுவில் துளையிட்டுக் குறித்துவிடலாம். அந்த இடம் துணை ஆடியின் நிழலில் இருப்பதால் காட்சிக்கு நஷ்டமில்லை.

முதலில் துணை ஆடி. ஐபீஸைச் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையை) செருகும் ஃபோகஸரில் அதற்குப் பதில் செஷயர் கருவியை, அதாவது பார்க்கும் துளையும் குறுக்குக் கம்பிகளும் உள்ள சிறு குழாயைப் போட்டுப் பார்த்தால் முதன்மை ஆடி முழுசாகத் தெரிய வேண்டும், குறுக்குக் கம்பிகள் நடுக்குறியில் விழ வேண்டும். அப்புறம்தான் முதன்மை ஆடியின் பின்பக்கத் திருகுகள். பூட்டுத் திருகுகளைத் தளர்த்திவிட்டு, செஷயரின் கரும்புள்ளி நடுக்குறி வளையத்துக்குள் வரும்வரை மெல்லத் திருப்புங்கள். எஃப்/5 கருவியில் துணை ஆடியின் நிழல் சற்று ஒரு பக்கம் ஒதுங்கித் தெரியும். அது இயல்பு, அதை நடுவுக்கு இழுக்காதீர்கள்.

காலிமேஷனுக்கு லேசர் கருவி வைத்திருப்பவர்கள் முதலில் லேசரையே சோதியுங்கள். ஃபோகஸருக்குள் அதைச் சுழற்றும்போது ஆடியில் புள்ளி வட்டம் போட்டால், லேசரே கோணலாக இருக்கிறது.

வாங்கும் முன்பே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழாயில் குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கிறது, குழாயோ அரை மீட்டர் அளவுதான் என்றால், பெரும்பாலும் அது பேர்ட்-ஜோன்ஸ் வகை. ஃபோகஸருக்குள் குவியத் தூரத்தை நீட்டும் ஒரு வில்லை இருக்கும், அதைக் கழற்றாமல் லேசரை நம்ப முடியாது. புதியவர்களுக்கு இந்த வகையை நான் பரிந்துரைப்பதில்லை. பெட்டியில் ஐபீஸில் திருகிப் போடும் சூரிய வடிகட்டி இருந்தால் உடனே குப்பையில் போடுங்கள். சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.

கடைசித் தீர்ப்பு நட்சத்திரத்துடையது. அதிக உருப்பெருக்கத்தில், நட்சத்திரத்தை இம்மி அளவு குவியம் தப்ப வைத்தால் அதைச் சுற்றித் தெரியும் வளையங்கள் ஒரே மையத்தில் அமைய வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாருங்கள். இதற்கு ஏறக்குறைய நகராமல் நிற்கும் துருவ நட்சத்திரத்தைப் புத்தகங்கள் பரிந்துரைக்கும். ஆனால் கன்னியாகுமரியில் அது 8 டிகிரி, சென்னையில் 13 டிகிரி உயரம்தான். அவ்வளவு தாழ்வில் காற்றின் நடுக்கம் வளையங்களைக் கலைத்துவிடும். உயரத்தில் இருக்கும் நடுத்தர ஒளி நட்சத்திரமே நமக்குச் சரி.

எல்லாம் செய்தும் நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிந்தால், முதன்மை ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும் இறுகியிருக்கலாம். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு அவற்றைத் தளர்த்திவிட்டு, மறுபடி துணை ஆடியிலிருந்து தொடங்குங்கள்.