விமானத்தில் நான்கு வாய்ச் சோறு

சென்னையிலிருந்து லண்டனுக்கு விடியற்காலை விமானம். நள்ளிரவு தாண்டியதும் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஒன்றரை வயது மகள் வழியில் என்ன சாப்பிடுவாள் என்ற கவலையில், இரவு பத்து மணிக்கே பருப்புச் சோற்றைக் குழைய வேகவைத்து, நெய் விட்டுப் பிசைந்து, வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, சின்ன ஹாட்பேக்கில் போட்டு மூடினேன். காலை எட்டு மணிக்குத் திறந்தபோது இன்னும் லேசான வெதுவெதுப்பு இருந்தது. வாடை எதுவும் இல்லை. நான்கு வாய் வாங்கிக்கொண்டாள். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறை வாந்தி.

அந்தச் சோற்றை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஹாட்பேக்குக்குள் பத்து மணி நேரம் என்ன நடந்திருக்கக்கூடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது, இனி ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நெல் மண்ணில் விளைவது. மண்ணில் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சாதாரணமாக வாழ்கிறது, அரிசியோடு வீட்டுக்கும் வந்துவிடுகிறது. சோறு கொதிக்கும்போது உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்கள் செத்துவிடும். ஆனால் இது நிலைமை கெட்டுப்போனால் தடித்த ஓடு போர்த்திக்கொண்டு வித்தாக மாறித் தூங்கும் வகை. அந்த வித்துகளில் பல கொதிநீரைத் தாங்கிவிடுகின்றன. சோறு ஆறி முப்பது, நாற்பது டிகிரிக்கு வந்ததும் விழித்து முளைக்கின்றன. போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகள் எல்லாம் கொதியில் போய்விட்டன. ஈரமும் மாவுச்சத்தும் தாராளமாக இருக்கின்றன. பெருகுவதற்கு வேறென்ன வேண்டும்?

இதில் ஒரு வகை, பெருகும்போதே செரூலைடு என்ற நச்சை உணவில் விட்டுவைக்கிறது. வாந்தியைக் கிளப்புவது இந்த நச்சுதான். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வந்தபோதுதான் இதன் குணம் வெளியே தெரிந்தது. சோற்றை முன்கூட்டியே வடித்து, சமையலறையிலேயே ஆறவிட்டு, கேட்கும்போது வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வறுக்கும் சூட்டில் பாக்டீரியா சாகலாம், ஆனால் நச்சு அசைவதில்லை. பிரஷர் குக்கரின் சூட்டைக்கூட அது தாங்கும். "திரும்பச் சுடவைத்தால் சரியாகிவிடும்" என்று நாம் சொல்வது சோற்றுக்குப் பொருந்தாது.

சமைத்த உணவை 5 டிகிரிக்குக் கீழே குளிராக வையுங்கள், இல்லையென்றால் 60 டிகிரிக்கு மேலே சூடாக வையுங்கள், அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஹாட்பேக்கோ ஃப்ளாஸ்கோ தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே போட்ட சூடு வெளியே போகும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வாய் பொறுக்கும் சூடு என்பது நாற்பது டிகிரிக்குப் பக்கம். அந்தச் சூட்டில் போட்டு மூடினால், கிருமிக்குப் பிடித்த சூட்டை மணிக்கணக்கில் காத்துக் கொடுக்கிறோம். நான் செய்தது அதுதான்.

சூடாகவே கொண்டுபோக வேண்டுமென்றால் வெற்றிட ஃப்ளாஸ்க் வேண்டும். முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை வாய் வரை நிரப்பி உடனே மூட வேண்டும். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். திறக்கும்போதும் ஆவி பறக்க வேண்டும். பறக்கவில்லையென்றால் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஊட்டும் அளவை மட்டும் தட்டில் எடுத்து ஆற்றினால் போதும்.

இப்போது நான் பருப்புச் சோற்றை விட்டுவிட்டு இட்லிக்கு மாறிவிட்டேன். ரயில் பயணத்துக்கு நம் வீடுகளில் இட்லியும் தயிர்சாதமும் கட்டுவதற்குப் பின்னால் நல்ல வேதியியல் இருக்கிறது. மாவு புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. பாசிலஸ் சீரியஸ் அமிலத்தில் வளரத் திணறும். நன்றாகப் புளித்த மாவில் வார்த்து, ஈரம் போக ஆறவிட்டு, நெய் தடவிய இட்லி ஒரு காலைப் பொழுதைத் தாங்கும். தயிர்சாதமும் அப்படித்தான், ஆனால் ஒரு எச்சரிக்கை. சோற்றில் பாலை ஊற்றி ஒரு ஸ்பூன் தயிரைப் பிரை குத்தி, போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடும் என்று கட்டும் வழக்கம் குழந்தைக்கு வேண்டாம். புளிப்பு ஏறும் வரை அது வெறும் பால்சோறுதான். ஆறிய சோற்றில் தயிரையே கலந்துவிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனையைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு 2006 ஆகஸ்டில் லண்டனில் தெரியவந்த வெடிகுண்டுச் சதிக்குப் பிறகு வந்தது. பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தை உணவுக்கும் பாலுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. தனிப் பையில் வைத்து, கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டினால் வேலை சுலபம்.

சரி, விமானம் மேலே ஏறியாயிற்று. விமான அறைக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைத்திருப்பார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் சுமார் 6,000 அடி. 8,000 அடி என்றால் கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்குதான். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். சிப்ஸ் பாக்கெட் தலையணை போல உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையின் வயிற்றிலும் குடலிலும் இருக்கும் காற்று அதே போல மூன்றில் ஒரு பங்கு வரை விரிகிறது. அதனால் வயிறு நிறைந்தது போல இருக்கும். வீட்டில் ஒரு கிண்ணம் சாப்பிடும் பிள்ளை மேலே நான்கு வாயோடு தலையைத் திருப்பினால் வற்புறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

உறிஞ்சுகுழல் வைத்த சிப்பரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். தரையில் மூடியபோது உள்ளே சிக்கிய காற்று மேலே போனதும் விரியப் பார்க்கும். குழலின் அடிமுனை தண்ணீருக்குள் இருப்பதால், அதன் மேல்முனையைத் திறந்தவுடன் அந்தக் காற்று தண்ணீரைக் குழல் வழியே பீய்ச்சி அடிக்கும். குடிக்கக் கொடுப்பதற்கு முன் திருகு மூடியைச் சற்றுத் தளர்த்தினால் காற்று மட்டும் வெளியேறிவிடும்.

காதின் கதை கொஞ்சம் நீளமானது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியில் காற்று அடைந்திருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் யூஸ்டாக்கியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழாய் என்கிறோம். பொதுவாக அது மூடியே இருக்கும். விமானம் ஏறும்போது நடுச்செவிக் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளித் திறந்து வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். அறையின் அழுத்தம் ஏறும், வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் மென்மையான குழாயை அந்த அழுத்தமே நசுக்கி மூடுகிறது. அப்போது அதை இழுத்துத் திறக்க ஒரு சிறு தசையால் முடியும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்தத் தசை வேலை செய்கிறது. குழந்தைகளுக்கு இந்தக் குழாய் பெரியவர்களுடையதைவிடக் குட்டை, குறுகல், கிட்டத்தட்டப் படுக்கை வாட்டம். சளி இருந்தால் இன்னும் சிரமம்.

ஆகவே புறப்படும்போதே பால் பாட்டிலைக் காலி செய்துவிடாதீர்கள். கடைசி அரை மணி நேரத்துக்காகக் கொஞ்சம் பத்திரப்படுத்துங்கள். விமானம் இறங்கத் தொடங்கும் அறிவிப்பு வந்ததும், தூங்கும் குழந்தையானாலும் மெல்ல எழுப்புங்கள். தூக்கத்தில் விழுங்குவது மிகவும் குறைவு. தாய்ப்பாலோ தண்ணீரோ நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். ஒரே மூச்சில் குடித்து முடிப்பதைவிட, இருபது நிமிடம் விட்டுவிட்டு விழுங்கிக்கொண்டே இருப்பது காதுக்கு நல்லது. முழுக் கடலை, முழுத் திராட்சை இரண்டும் வேண்டாம். இரண்டாம் கடைவாய்ப் பல் முளைக்கவே இரண்டு வயதுக்கு மேல் ஆகும், அரைக்கப் பல் இல்லாத வாயில் உருண்டையானது எதுவும் மூச்சுக்குழலை அடைக்கலாம்.

அப்புறம் ஹோட்டல் அறை. அங்கே இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜை வீட்டு ஃப்ரிட்ஜாக நினைத்துவிட வேண்டாம். அவற்றில் பல கம்ப்ரசர் இல்லாதவை. வெப்பத்தைக் கொண்டே குளிர்விக்கும் அந்த முறையை 1922-ல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். சத்தமே வராது என்பதால் படுக்கையறைக்கு ஏற்றது, ஆனால் மெதுவாகத்தான் குளிரும். சில ஹோட்டல்களில் சாவி அட்டையை உருவினால் ஃப்ரிட்ஜும் நின்றுவிடும். குளிர்ந்த பானத்துக்குச் சரி, நேற்று மிஞ்சிய சோற்றுக்குச் சரியல்ல.

கெட்டிலை நம்பலாம். ஒரு முறை தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதற்காகவே நான் அவல் எடுத்துப்போகிறேன். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூடு இருக்கும்போதே இடித்துத் தட்டையாக்குவதுதான் அவல். அந்த ஈரச் சூட்டில் மாவுச்சத்து ஏற்கெனவே பெருமளவு வெந்துவிடுகிறது. அதனால் கொதிநீர் ஊற்றி மூடினால் சில நிமிடங்களில் குழைந்துவிடும், அடுப்பே வேண்டாம். உலர்ந்திருக்கும் வரை அதில் எந்தக் கிருமியும் வளராது. நனைத்தபின் அதுவும் சோறுதான், உடனே ஊட்டிவிட வேண்டும். ஒரு வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால் என் மகளுக்கு அதுவே விருந்து.

லண்டனில் முதல் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பசி என்று அழுதாள். கோடையில் லண்டன் நேரம் நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால். அவள் உடலுக்கு அது காலை ஆறரை மணி. அது அடம் இல்லை, நிஜமான பசி. மூளையின் கடிகாரத்தை வெளிச்சம் திருத்துகிறது. கல்லீரலிலும் குடலிலும் இருக்கும் கடிகாரங்கள் சாப்பாட்டு நேரத்தையும் கவனிக்கின்றன. சுண்டெலிகளுக்கு உணவு நேரத்தை மட்டும் மாற்றியபோது, மூளையின் கடிகாரம் பழைய இடத்திலேயே நிற்கக் கல்லீரலின் கடிகாரம் நகர்ந்துவிட்டதை 2000-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதனால் இரவில் விளக்கைப் பெரிதாகப் போடாமல் அரை வயிற்றுக்கு அவல் கொடுத்தேன். முழுச் சாப்பாட்டை அந்த ஊர் நேரத்துக்கே, ஜன்னல் ஓரத்தில் நல்ல வெளிச்சத்தில் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மூன்றேகாலுக்கு எழுந்தாள். அதற்கடுத்த நாள் நாலரை. ஐந்தாம் நாள் ஆறு மணி வரை தூங்கினாள். அன்று கீழே உணவுக்கூடம் திறந்ததும், சுடச்சுட வந்த அவித்த முட்டையை என் மடியில் உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டாள்.