புலக்காட்சியா, உணர்வா?

மூளை பார்வையைக் கையாளும் விதத்தை விளக்கும் தமிழ்க் கட்டுரைகளில் ‘உணர்வுக்கான பார்வை, செயலுக்கான பார்வை’ என்ற இணையே தொடர்ந்து கண்ணில் படுகிறது. இதன் பிற்பாதி சரி, முற்பாதி பிழை. அங்கே ‘உணர்வு’ என்று மொழிபெயர்க்கப்படும் ‘பெர்செப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல் முழுமையாகப் பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. புலன் தந்ததை இன்னது என்று மனம் கண்டுகொள்வதையே உளவியல் அச்சொல்லால் குறிக்கிறது. அதற்குத் தமிழில் புலக்காட்சி என்ற சொல் இருக்கிறது.

1992-இல் மூளை ஆய்வாளர்களான குடேல், மில்னர் இருவரும் முன்வைத்த கருத்தின்படி, தலையின் பின்புறம் பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியான பார்வைப் புறணியிலிருந்து பொட்டுப் பக்கம் செல்லும் கீழ்வழி பொருள்களை இனங்காணவும், உச்சிப் பக்கம் செல்லும் மேல்வழி அவற்றை நோக்கிக் கையைச் செலுத்தவும் உதவுகின்றன. அவர்கள் ஆராய்ந்த, கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு, எதிரே இருந்த பிளவு எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று சொல்ல இயலவில்லை; ஆயினும், அதற்குள் அட்டையை இடச் சொன்னபோது அவர் கை உரியவாறு திரும்பியது. அவர் ‘உணர்வை’ இழந்தார் என்று எழுதினால், மயங்கிக் கிடந்தார் என்றோ மரத்துப்போனார் என்றோதான் வாசகர் கொள்வார். அவர் நிறங்களைக் கண்டறிந்தார்; இழந்தது வடிவங்களின் புலக்காட்சியை.

உணர்தல் என்பது பழந்தமிழில் அறிதலையும் குறித்தது என்பர். அது உண்மையே. ஆனால் அறிவைப் பெறும் வழிகளை ஆராய்ந்த அளவை நூலார் புலன்வழி அறிவுக்குக் காண்டல், காட்சி என்ற சொற்களையே ஆண்டனர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் காட்சியை நான்காக வகுத்து, ஐம்பொறி வழி வருவதை வாயிற்காட்சி என்றும், இன்ப துன்ப நுகர்ச்சியைத் தன்வேதனைக் காட்சி என்றும் பிரிக்கிறது. இவ்வளவு நுட்பமான பகுப்பு கைவசம் இருக்க, பொறி பெறும் தூண்டல், மனவெழுச்சி, நனவு, புலக்காட்சி ஆகிய நான்கையும் மொழிபெயர்ப்பாளர்கள் ‘உணர்வு’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று. அறிவியல் பிரித்துக் காட்டுவதை மொழிபெயர்ப்பு மீண்டும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. ‘புலனுணர்வு’ என அடைமொழி சேர்த்தாலும், தூண்டலுக்கும் காட்சிக்கும் இடையிலான வேறுபாடு தெளிவாவதில்லை.

காட்சி என்றால் நாடகக் காட்சி நினைவுக்கு வருமே என்ற தடைக்குப் ‘புலம்’ என்ற முன்னொட்டே விடை. மேல்வழி சிதைந்த சிலர் பொருளைச் சரியாகப் பெயர் சொல்லியும், அதை எடுக்கக் கை நீட்டும்போது தவறுகின்றனர். அவர்களுக்குப் புலக்காட்சி உண்டு, செயலுக்கான பார்வை பழுதுபட்டுள்ளது என்று ஒரே வரியில் ஐயமின்றிச் சொல்ல முடிகிறது.